கார் அவளுக்கு, ஆப் அவருக்கு

காரை வாங்கியது மனைவிக்காகத்தான் என்று அவள் கணவர் எல்லோரிடமும் சொல்வார். அதில் பொய்யில்லை. அவள் வேலை செய்யும் பல் கட்டும் கூடம் வீட்டிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர். இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவளுக்கு வெள்ளை நிறத்தில் ஒரு மின்சாரக் கார் வந்தது. சாவி அவள் கையில். காரின் ஆப் அவர் போனில்.

"எனக்கும் அதைப் போட்டுக் குடுங்களேன்" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஒரு காருக்கு ஒரு ஆப் போதும்மா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி அமுக்கினா குழம்பிடும்."

அவர் பெயிண்ட் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. கேஸ் அடுப்பின் குழாயை இரண்டு தடவை தொட்டுப் பார்க்காமல் படுக்கப் போகமாட்டார். குரலை உயர்த்தியதே கிடையாது. கூடத்தில் அவளோடு மெழுகில் பல் செதுக்கும் பெண்கள் "குடுத்து வச்சவடி நீ" என்பார்கள். அவளும் அப்படித்தான் என்று பல நாள் நினைத்திருந்தாள்.

கார் எங்கே நிற்கிறது, எத்தனை சதவீதம் சார்ஜ், எந்தக் கதவு திறந்திருக்கிறது, எல்லாம் ஆப்பில் தெரியும். "பாலத்துக்குப் பக்கத்துல நாலு நிமிஷம் நின்னிருக்கியே, என்ன ஆச்சு?" என்று போன் வரும். "காய் வாங்கினேங்க" என்பாள். "சரி சரி, சும்மாதான் கேட்டேன்" என்பார். பேட்டரி நீண்ட நாள் உழைக்கட்டும் என்று அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி அவர் ஆப்பில் வரம்பு வைத்திருந்தார். வேலைக்குப் போய்வர அது தாராளம். வேறெங்கும் போவதற்குத்தான் போதாது. நாளடைவில் அவள் வழியில் நிற்பதையே விட்டுவிட்டாள்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களின் போன் குழு ஒன்றில் மட்டும் சேர்ந்திருந்தாள். இருநூறு பேர். விடிந்தால் பொழுது போனால் ஒரே புலம்பல். ஒருவர் சார்ஜர் தேடி மூன்று ஊர் அலைந்த கதையைச் சொல்வார். இன்னொருவர் மலை ஏறும்போது இறங்கிய சார்ஜ் இறங்கும்போது ஏறியதைச் சொல்லிப் பெருமை அடிப்பார். "பெட்ரோல் பங்க் எதிர்ல இருக்கற சார்ஜர் செத்துக் கிடக்கு, யாரும் போகாதீங்க" என்று எச்சரிக்கை வரும். அவள் எல்லாவற்றையும் படிப்பாள். ஒரு வரி எழுதியதில்லை.

அவளுடைய அண்ணன் டைல்ஸ் போடுகிறவர். முப்பது வருடம் மண்டியிட்டே வேலை பார்த்ததில் மூட்டு போய்விட்டது. அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அண்ணிதான் போன் செய்தாள். "உன்னைப் பார்க்கணும்னு அவர் வாய் திறந்து சொல்ல மாட்டாரு. ஆனா போன் அடிச்சா, யாருன்னு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கறாரு."

அண்ணனுக்கும் கணவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. அண்ணன் இவர்கள் வீட்டுக் குளியலறையில் டைல்ஸ் போட்டுக் கொடுத்தார். கணவர் அதன்மேல் தண்ணீர் ஊற்றி, செருப்போடு நடந்து பார்த்து, "வழுக்குதே மச்சான், பெயர்த்துடலாமா?" என்று கேட்டார். அண்ணன் சிமெண்ட் கரண்டியைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். அதற்குப் பிறகு அவள் அங்கே போக வேண்டும் என்று சொன்ன ஒவ்வொரு முறையும் கணவர் மறுக்கவில்லை. மழை வருகிறது, ரோடு சரியில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றுதான் சொன்னார்.

ஒரு வியாழக்கிழமை கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அன்று தொழிற்சாலையில் ஆய்வு. ஒரு மணி வரை அவருடைய போன் வாசல் அலுவலகத்தில் பூட்டி இருக்கும். போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அண்ணன் வீடு நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். மழையில் வைப்பரும் விளக்கும் ஓடியதில் சதவீதம் கண்முன்னால் சரிந்தது. குழுவில் எல்லோரும் மெச்சிய சார்ஜரின் திரை இருண்டு கிடந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. போய்ச் சேரும்போது பதினொரு சதவீதம் மிச்சம். ஒரு தகரக் கொட்டகை, பக்கத்தில் பூட்டிய டயர் கடை. அவளுக்கு முன்னால் இரண்டு பேர். சோப்புப் பெட்டிகள் ஏற்றிய வேன்காரர் ஒருவர். நீலக் காரில் ஒரு கணக்கு டீச்சர், ஸ்டியரிங் மேல் அட்டை வைத்துப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"இந்தக் கார் வாங்கினதுலேர்ந்துதான் தாளெல்லாம் நேரத்துக்குத் திருத்தி முடிக்கறேன்" என்றார் டீச்சர்.

"நான் தூங்கியே பழகிட்டேன் டீச்சர். வீட்டுல படுத்தாக்கூட இப்ப ஃபேன் சத்தத்துக்குத் தூக்கம் வரமாட்டேங்குது, சார்ஜர் சத்தம்தான் கேக்குது" என்றார் வேன்காரர்.

அவள் சிரித்தாள். வீட்டுக்கு வெளியே, வேலைக்கு வெளியே, முன்பின் தெரியாதவர்களோடு அவள் நின்று பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது.

அவள் முறை வந்தது. சார்ஜ் நாற்பத்திரண்டு சதவீதத்தைத் தொட்டபோது மின்சாரம் ஒரு வெட்டு வெட்டித் திரும்ப வந்தது. சார்ஜ் நின்றது. காரில் செருகியிருந்த சார்ஜர் கன்னை இழுத்தாள். வரவில்லை. சாவியை அமுக்கினாள், கதவைப் பூட்டித் திறந்தாள், மறுபடி இழுத்தாள். காரின் பூட்டு கன்னைக் கவ்விப் பிடித்திருந்தது. வேன்காரர் வந்து இழுத்தார். அசையவில்லை. உதவி எண்ணில் உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று இருபது நிமிடம் பாடியபின் ஒரு பெண் பேசினாள். "ஓனரோட ஆப்ல சார்ஜ் பூட்டைத் திறக்கற பட்டன் இருக்கும் மேடம். அதை அமுக்குங்க."

ஒரு மணி ஐந்துக்கு அவரே கூப்பிட்டார்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லீங்க."

"எங்க இருக்க?"

"வேலைல."

"கார் வேற எங்கயோ இருக்கே" என்றார், மெதுவாக.

அவள் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "அண்ணனைப் பார்க்கப் போறேன். நடுவுல கன் மாட்டிக்கிச்சு. ஆப்ல பூட்டைத் திறந்து விடுங்க, போதும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"இந்த மழையில எப்படி விடுவேன்? நீ அங்கயே இரு. நான் டாக்ஸி பிடிச்சு வந்துடறேன். ரெண்டரை மணி நேரம். சேர்ந்து வீட்டுக்குப் போயிடலாம்."

"முதல்ல திறங்களேன்."

"திறந்தா நீ கிளம்பிடுவ. ஏசி போடாத, சார்ஜ் இறங்கிடும். பத்திரமா உக்காந்திரு."

போனை வைத்துவிட்டார். சற்று நேரத்தில் நான்கு கதவுகளும் டக்கென்று பூட்டிக்கொண்டன. அவள் எதையும் தொடவில்லை. நூற்றிருபது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அவர் பூட்டியிருக்கிறார், அவளுடைய பாதுகாப்புக்காக. உள்ளேயிருந்து கைப்பிடியை இழுத்தால் திறக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கை போகவில்லை. கண்ணாடியெல்லாம் மூச்சுக்காற்றில் மங்கியது. அழுகையும் வரவில்லை. இனி இரண்டரை மணி நேரம் இப்படித்தான், அதற்குப் பிறகும் இப்படித்தான் என்று தோன்றியது.

டீச்சர் சிவப்புப் பேனாவால் கண்ணாடியைத் தட்டினார். "என்னம்மா, ஏதாவது உடம்புக்கு முடியலையா? கதவைத் திற."

அந்தக் குரலுக்குத்தான் கை அசைந்தது. கைப்பிடியை இழுத்து, மழைக்குள் இறங்கி, தெரியாத ஒருத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அரைகுறையாக, முன்னுக்குப் பின்னாக. டீச்சர் கையிலிருந்த பேனாவை மூடினார். முடித்ததும், "இப்ப நீ எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

"அண்ணன் வீட்டுக்கு."

"அப்ப நம்ம கார் குழுவுல கேளு. இருநூறு பேர் வெட்டியா உக்காந்திருக்கான், ஒருத்தனுக்குமா தெரியாது?"

அன்றுதான் அவள் அந்தக் குழுவில் முதல் வரி எழுதினாள். மூன்று நிமிடத்தில் ஒன்பது பதில். அதில் எட்டு அனுதாபம். ஒன்பதாவது ஆள், டிக்கியின் இடது பக்க உறையைக் கழற்றினால் உள்ளே ஒரு கயிறு இருக்கும், அதை இழுத்தால் பூட்டு விடும் என்று படம் போட்டிருந்தார். வேன்காரர் உறையைக் கழற்றினார். அந்த இடுக்கில் அவர் கை நுழையவில்லை. நாள் முழுக்கக் கடைவாய்ப் பல்லின் குழிகளைச் செதுக்கும் அவள் கை நுழைந்தது. கம்பிகளுக்கு நடுவே விரலால் தடவித் தடவி ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தாள்.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று டீச்சர் கன்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

காரை எடுக்கும்போதே போன் அடித்தது. "கன்னை யார் எடுத்தது?" என்றார் கணவர்.

"நான்தான். அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க அங்க வாங்க."

அண்ணன் கட்டுப்போட்ட காலை நாற்காலி மேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்து, வலி தாங்காமல் முகத்தைச் சுளித்தார். "வந்தியா? காலை மாத்தி வேற காலை வச்சிருக்கான் பாரு, இது சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார். பிறகு இருவரும் அழுதார்கள்.

ஐந்தரை மணிக்கு டாக்ஸி வந்தது. கணவர் அதை அனுப்பிவிட்டு வாசலிலேயே நின்றார். "கிளம்பு" என்றார்.

"நான் வரலீங்க. கொஞ்ச நாள் இங்க இருக்கேன். காரை நீங்க எடுத்துட்டுப் போங்க." சாவியை நீட்டினாள்.

வாங்கிக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தார். ஐந்து நிமிடமாயிற்று, பத்து நிமிடமாயிற்று. கார் நகரவில்லை. அண்ணன் சன்னலைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார். "என்னவாம்?"

"பதினாலு சதவீதம்தான் இருக்கு" என்றாள் அவள். "பக்கத்து சார்ஜர் எழுபது கிலோமீட்டர்."

அண்ணன் வெகுநேரம் சிரிப்பை அடக்கினார். அடக்க முடியாமல் போனபோது அண்ணியைக் கூப்பிட்டார். "சமையலறை பிளக்கில மாட்டிக்கச் சொல்லு. அவர்கிட்ட சொல்லு, இந்த வீட்டு டைல்ஸ் வழுக்காதுன்னு."

கேபிள் சமையலறை சன்னல் வழியாகக் காருக்குப் போனது. ஊருக்குத் திரும்பும் அளவு ஏற விடியற்காலையாகும். கணவர் சிறிது நேரம் காரில் இருந்தார். பிறகு வேறு வழியில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மூன்று வருடமாக முகம் பார்க்காத மச்சானுக்கு எதிரே உட்கார்ந்தார். அண்ணி டீ வைத்தாள். அவர் வாசல் கதவைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். எழுந்து போக இடமில்லாத மனிதரின் முகம் எப்படியிருக்கும் என்று அவள் அன்று பார்த்தாள். அதில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

"கதவை ஏன் பூட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"உன் பாதுகாப்புக்குத்தான்."

"பாதுகாப்பாத்தான் இருந்தேன். மூச்சு விட முடியல."

அவர் டீயைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எனக்கு வேற மாதிரி இருக்கத் தெரியலையே" என்றார். அவ்வளவு நாளில் அவர் சொன்னவற்றில் அவள் முழுதாக நம்பியது அந்த ஒன்றைத்தான்.

காலையில் அவர் தனியாகக் கிளம்பிப் போனார். ஒன்பதாம் நாள் அவள் பஸ்ஸில் வீடு திரும்பினாள், ஒரு நிபந்தனையோடு. கார் கம்பெனியின் சேவை மையத்தில் ஆப்பை அவள் பெயருக்கு மாற்ற அவர் போனுக்கு ஓர் எண் வந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்துச் சொன்னார். இரண்டு முறை தப்பாகச் சொல்லி, மூன்றாம் முறைதான் சரியாகச் சொன்னார்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவள் சொல்வதில்லை. தாமதமானால் அவர் இப்போதும் போன் செய்கிறார். முன்பு தெரிந்துகொண்டு கேட்டார், இப்போது தெரியாமல் கேட்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சில நாள் கூடத்திலிருந்து இறங்கிக் காரில் உட்கார்ந்ததும் அவளுக்கே தெரியாமல் கை கதவுக் கைப்பிடிக்குப் போகிறது. ஒருமுறை இழுத்துத் திறந்து பார்த்து, மூடிவிட்டுத்தான் காரை எடுக்கிறாள்.