கையெழுத்துப் போட்டவர் இருக்கை

"வயித்தை உள்ள இழு," என்றாள் பாலின்.

மெர்வின் மூச்சைப் பிடித்து இழுத்தார். விமானிகள் போடுகிற அந்தப் பச்சை உடுப்பின் ஜிப் தொப்புள் வரை ஏறி நின்றுவிட்டது. அறுபத்தெட்டு வயதில் இழுத்தால் உள்ளே போகிற வயிறா அது?

"இதுக்கு மேல உள்ள போக இடமில்லடி."

இங்கிலாந்தில், லிங்கன்ஷயரின் அந்தப் பழைய விமானத்தளத்தில் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு ஜெட் விமானத்தை வைத்திருந்தார்கள். அறுபது வருடத்துக்கு முன்பு விமானப்படை பயிற்சிக்காக வாங்கி, ஓட்டி ஓய்ந்து, போதுமென்று தள்ளிவிட்ட விமானம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டே இருக்கைகள். ஆசைப்பட்டு வருகிறவர்களை வலது இருக்கையில் உட்காரவைத்து இருபது நிமிடம் பறக்கவிடுவார்கள். ஏறுவதற்கு முன் ஒரு தாளில் கையெழுத்து வாங்குவார்கள்: இந்த விமானம் பயணிகள் விமானத்துக்கான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதில்லை, அது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் ஏறுகிறேன். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் போடுவார்கள்.

ஆபத்து வந்தால் ஆளை வானத்தில் தூக்கி எறிகிற இருக்கைகள்தான் அவை. ஆனால் அடியிலிருந்த வெடிகளுக்கு ஆயுள் முடிந்து, புதிதாகக் கிடைக்காமல், கழற்றியாகிவிட்டது. மெர்வின் ஒருநாள் உருளைக்கிழங்கை வெட்டிக்கொண்டே இதைச் சாதாரணமாகச் சொன்னார். அன்றைக்குப் பாலினுக்குள் குடியேறிய பயம் பிறகு காலி செய்யவே இல்லை.

மெர்வின்தான் அந்தக் கூட்டத்துக்கு மெக்கானிக். விமானப்படையில் வேலை பார்த்த நாளிலிருந்து அவர் கையோடு கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு, சட்டத்தில் கிடையாது. எஞ்சினில் கை வைத்தவன் வேலையை முடித்து, புத்தகத்தில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டால், முதல் ஓட்டத்துக்கு அவனேதான் வலது இருக்கையில் உட்கார வேண்டும். வெளியாள் ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த வாரம் அவர் எரிபொருள் பம்ப்பை மாற்றியிருந்தார்.

விமானி ஏட்ரியன் தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான்.

"மேகம் இறங்குது மெர்வின். ரெண்டு தடவை ஏறி இறங்க நேரமில்ல. எஞ்சினைத் தரையில நாலு தடவை ஓட்டிப் பார்த்தாச்சு. இன்னைக்குப் பறக்க வந்த மனுஷன் ஸ்காட்லாந்து பெர்த்லேர்ந்து ஏழு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கான். போன தடவையும் மழையில திரும்பிப் போனான். நேரா அவனையே ஏத்திட்டுப் போயிடட்டுமா?"

"புத்தகத்துல கையெழுத்து யாரோடது?"

"உன்னோடதுதான்."

"அப்ப இருக்கை யாரோடது?"

"யோவ், உன்னோட பெரிய ரோதனையா போச்சுய்யா!"

பாலினின் விரல்கள் இன்னும் ஜிப்பைப் பிடித்திருந்தன. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கல்யாணமாகி நாற்பத்தொரு வருடமாக மூடித்தான் இருந்தாள்.

"அவர் போகட்டும்," என்றாள். "அவர்தான் தாள்ல கையெழுத்துப் போட்டாச்சே. தெரிஞ்சேதானே வந்திருக்கார். என்ன ஆனாலும் அவர் பாடு. நீ வேண்டாம்."

ஏட்ரியன் தன் பூட்ஸைப் பார்த்தான். மெர்வின் அவளைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. யாரோ தெரியாத பெண் தன் ஜிப்பைப் பிடித்திருப்பதுபோலப் பார்த்தார். பிறகு அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு, ஒரே இழுப்பில் ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றினார்.

"அவனுக்குச் சின்னப் பிள்ளைங்க இருக்கு, பாலின்."

"எனக்கு நீ ஒருத்தன்தான் இருக்க."

"கால் மணி நேரம். டீ போட்டு வை."

அவர்கள் போன பிறகுதான், உடை மாற்றும் அறையிலிருந்து ஃபெர்கஸ் வெளியே வந்தான். பெர்த்தில் பஸ் ஓட்டுகிறவன். நாற்பதாவது பிறந்தநாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்த பரிசு இந்தப் பயணம். அறைக்கும் கொட்டகைக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. கதவு மூடியிருந்ததா, திறந்திருந்ததா? பாலின் நினைவைக் குடைந்து பார்த்தாள், தெரியவில்லை.

"உடுப்பு பொருத்தமா இருக்கா?" என்று கேட்டான் அவன்.

"ஜம்முனு இருக்கு," என்றாள் பாலின், அவன் முகத்தைப் பார்க்காமல்.

இருவரும் வெளியே புல்வெளியில் நின்று பார்த்தார்கள். விமானம் சீறிக்கொண்டு ஓடி, ஓடுபாதையின் கோடியில் எழும்பி, பீட்ரூட் வயலுக்கு மேலே போனது. பாலின் தன் வழக்கப்படி எண்ண ஆரம்பித்தாள். முப்பது வரை எண்ணிவிட்டால் உயரம் பிடித்துவிடும், பயமில்லை என்று மெர்வின் சொல்லியிருந்தார். பதினேழில் சத்தம் நின்றது.

குறையவில்லை, நின்றது. வயலில் மேய்ந்த காக்கைகள் கரைவதுகூடக் கேட்டது. விமானம் அந்த மௌனத்தோடேயே இடது பக்கம் சாய்ந்து ஓடுபாதைக்குத் திரும்ப முயன்றது. "நேரா இறக்கு, திரும்பாத, திரும்பாத," என்று பாலின் கத்தினாள். எஞ்சின் நின்ற பிறகு திரும்பப் போய் விழுந்தவர்களைத் திட்டும்போது மெர்வின் எத்தனையோ முறை சொன்ன வார்த்தைகள்தான் அவை. இறக்கை தொங்கியது. மரங்களுக்குப் பின்னால் போனது. பிறகு புகை வந்தது.

தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு ஓடியது. ஃபெர்கஸ் அவள் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியைத் தாங்க முடியாமல் அவள் கையை உதறிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள்.

இருவருமே பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். விசாரணைக்காரர்கள் துண்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அறிக்கை வர ஒரு வருடமாகலாம் என்றார்கள். பம்ப்தான் காரணமா, வேறு ஏதாவதா? பம்ப் என்றால் அது மெர்வினின் கை. அப்படியானால் அந்தப் பாழாய்ப்போன வழக்கம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் அவள் செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்துபோனாள். அதைவிட அதிகமாகப் பயந்தது, ஃபெர்கஸின் மனைவியிடமிருந்து அஞ்சல் அட்டை வந்தபோது. இறுதிச் சடங்குக்கு இரண்டு பேரும் வருகிறார்களாம்.

வந்தார்கள். தகன மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முடிந்ததும் எல்லோரும் கிரிக்கெட் மைதானத்துக் கூடத்துக்குப் போனார்கள். மேசையில் சாண்ட்விச்சும் கேக்கும் டீயும். ஆட்கள் மெர்வினின் பழைய கோமாளித்தனங்களைச் சொல்லிச் சிரித்தார்கள், சிரித்துவிட்டு மூக்கைச் சிந்தினார்கள்.

ஃபெர்கஸின் மனைவி ஷோனா நேராக வந்து பாலினைக் கட்டிக்கொண்டாள். குட்டையான, கதகதப்பான பெண்.

"என்ன சொல்றதுன்னே தெரியல," என்றாள். "உங்க வீட்டுக்காரர் மட்டும் பிடிவாதம் பிடிக்கலைன்னா, இன்னைக்கு என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் அப்பா இல்ல. சின்னவ தினமும் அவர் பேரைச் சொல்லித்தான் ஜெபம் பண்றா. நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா? முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. இருங்க, நான் எடுத்துட்டு வரேன்."

அவள் மேசைப் பக்கம் போனாள். ஃபெர்கஸ் மட்டும் நின்றான். கோட்டு மாட்டுகிற கம்பியை ஒட்டி இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள். அவன் கேட்டிருப்பானோ என்கிற இந்தப் பயத்தை இன்னொரு நாளைக்குச் சுமக்கத் தன்னால் ஆகாது என்று பாலினுக்குத் தோன்றியது.

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஃபெர்கஸ் கம்பிப் பக்கம் கையை நீட்டினான். யாருடைய கோட்டிலோ ஒட்டியிருந்த நூலைப் பிய்த்தான்.

"பலகைத் தடுப்புதானே," என்றான். "எல்லாம் கேட்டுச்சு."

பாலின் அவன் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுடுங்க," என்று சொல்ல வாயெடுத்தாள்.

"இருங்க, நான் முடிச்சுடறேன்." அவன் குரல் இறங்கியது. "நான் உடுப்பு மாட்டி முடிச்சு ரொம்ப நேரமாச்சு. கதவைத் திறந்து, 'நான் போறேன், அவர் இருக்கட்டும்'னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அந்தத் தாளைப் படிச்சதிலேர்ந்தே பயம். கைப்பிடியைப் பிடிச்சுட்டு நின்னுட்டு, அவரே போயிடணும், அவரே போயிடணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேன்."

கூடத்தின் மறுகோடியில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள்.

"ஷோனாவுக்கு?" என்றாள் பாலின்.

"தெரியாது. உங்களைப் பத்தியும் தெரியாது, என்னைப் பத்தியும் தெரியாது."

ஷோனா வந்துவிட்டாள். தட்டில் முட்டை சாண்ட்விச், ஓரங்களை அவளே வெட்டி எடுத்திருந்தாள். "ஒரு வாயாவது," என்று ஒரு துண்டை எடுத்துப் பாலினின் உதடு வரை கொண்டுவந்தாள், பிள்ளைக்கு ஊட்டுகிறவள்போல. பாலின் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். ஃபெர்கஸ் சன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தான். ஈரமான மைதானம், ஒருவரும் இல்லை.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள் ஷோனா.

விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல், பாலின் தலையை ஆட்டினாள். ஷோனா அவள் உதட்டோரத்துத் துணுக்கைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அடுத்த துண்டை எடுத்தாள்.