பொன்ராஜை எவ்வளவு ஆழம் இறக்கலாம்?

1
ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை ஒரு பழிவாங்கல். திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபம். ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பந்தியை நிறுத்திவைத்துவிட்டு, மைக்கைப் பிடித்து முக்கால் மணி நேரம் அணைகளைப் பற்றிப் பேசினார். அவரை மூழ்கடிக்க எனக்கு ஒரு கதை தேவைப்பட்டது.

2
முதல் தொடக்கம்: ‘ஆதியில் ஆறு இருந்தது. ஆற்றில் மண்...’
(வேண்டாம். அவர் பேச்சே தேவலை.)

இரண்டாவது: பொன்ராஜ், ஓய்வுபெற்ற பொறியாளர், குஜிலியம்பாறைப் பக்கம் தான் கட்டிய அணைக்குள் வெள்ளை வேட்டியோடு இறங்கினார். தண்ணீர் வற்றிக் கிடந்தது. கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டி, வீடியோவில் முழங்கினார்: “குடகனாறு சுமந்துபோக வேண்டிய வண்டல் இங்கேயே தங்கிவிட்டது! காவிரி டெல்டாவுக்குப் புதுமண் குறைகிறது! அங்கே கடல் கரையை அரிக்கிறது!”

(இதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.)

மேலே வெடித்துக் காய்ந்த மண், அடியில் கூழ். முழங்கால் வரை போனார். ஒரு காலை இழுத்தால் மற்றது இன்னும் இறங்கியது. சேறு இடுப்புக்கு வந்துவிட்டது.

3
மிச்சக் குட்டையில் மீன் பிடித்துக்கொண்டிருந்த சிவனம்மாள் கத்தினாள்.

“சார், நிக்காதீக! மல்லாக்கச் சாயுங்க!”

“வேட்டி இருக்கேம்மா...”

“உசுரோட வீட்டுக்குப் போறீகளா, வெள்ளையா போறீகளா?”

பொன்ராஜ் யோசித்தார். முப்பது வருடம் நிமிர்ந்து நின்றே உத்தரவு போட்ட உடம்பு. சேறு வயிற்றை அழுத்தியது. மூச்சு பாதிதான் உள்ளே போனது.

[இங்கே எழுதினேன்: ‘கடலுக்குப் போகாத மண், கடைசியில் அவரையே...’ அடித்துவிட்டேன். ஓர் உருவகத்துக்காக ஆளைக் கொல்லும் அளவுக்கு நான் இன்னும் மேடையேறவில்லை.]

சாய்ந்தார்.

சிவனம்மாள் வயிற்றால் ஊர்ந்துவந்து வலைக்கயிற்றை நீட்டினாள். “காலை உதறாதீக. மெல்ல ஆட்டுங்க. செத்த நேரம் பேசாம இருங்க.”

பேசாமல் இருந்தார். நம்புங்கள். ஒரு கால் வந்தது. வெகுநேரம் கழித்து மற்றதும்.

4
கரையில் கிடந்தவர் சிரித்தாரா, அழுதாரா தெரியவில்லை. முகமெல்லாம் சேறு. எனக்கு மட்டும் தோளிலிருந்து எதையோ இறக்கிவைத்தது போலிருந்தது.

“எதுக்கு சார் உள்ள போனீக?”

“இது கடலுக்குப் போற மண்ணும்மா. நாங்கதான் மறிச்சுட்டோம்.”

மைக்கோ வீடியோவோ இல்லாமல் அணையைப் பற்றி அவர் சொன்ன முதல் வாக்கியம் இதுவாக இருக்கலாம்.

“அப்ப தொறந்துவிட வேண்டியதுதான?”

பொன்ராஜ் வாயைத் திறந்தார்.

என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அதுவரைக்கும்தான் என் பொறுப்பு.