முதுகால இழுக்கணும்

என் வீட்டுக்காரர் பெயிண்டர். நாள் முழுக்கக் கையைத் தலைக்கு மேல தூக்கியே வேலை. சாயங்காலம் ஆனா அதே தோளைத் தூக்கிக்கிட்டு வில் பழகுற மைதானத்துக்குக் கிளம்பிடுவார். நானும் கூடப் போவேன், ஆஸ்பத்திரி லாண்டரி வேலையில நாள் பூரா நின்ன காலு விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். எங்க ரெண்டு பேருக்கும் பொழுதுபோக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.

ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எய்யுற ஜோடிப் போட்டி. வருஷம் முழுக்க அதுக்குத்தான் காத்திருந்தார். டாக்டரோ போன வாரமே முகத்துக்கு நேரா சொல்லிட்டார்: "தோள்ல இருக்கிற அந்தத் தசைநார் இன்னொரு தடவை கிழிஞ்சா பிரஷ்ஷை மறந்துடுங்க." இவர் கேட்டாத்தானே! "சரியா இழுத்தா தோளுக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு ஒரே பிடிவாதம்.

அது நிஜந்தான். நாணை முதுகால இழுக்கணும். தோள்பட்டை எலும்பு ரெண்டும் நெருங்கி வரணும், கை வெறும் கொக்கி. இவரோ சுவர்ல பிரஷ் ஓட்டுற பழக்கத்துல தோளைக் காதுவரைக்கும் ஏத்தி, கையால இழுப்பார். நாண் வாயோரம் வரைக்கும் வரணும், வந்து சேராது. உடனே கழுத்தை நீட்டி வாயை நாணுகிட்டக் கொண்டுபோவார். ஊரை ஏமாத்தலாம், கூட நிக்கிற என்னை ஏமாத்த முடியுமா?

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போச்சு. "திரும்பி நில்லுங்க"ன்னேன். அந்த ரெண்டு எலும்புக்கும் நடுவுல என் விரலை வெச்சேன்.

"அம்பு வேண்டாம், சும்மா இழுங்க. விரல் நசுங்கினா ஞாயித்துக்கிழமை போவோம். நசுங்கலைன்னா நான் வரலை."

இழுத்தார். முதுகெல்லாம் நடுங்குச்சு.

"நசுங்குதா?"

"இல்லைங்க."

மெதுவா நாணை இறக்கினார். "நசுங்குதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம். திங்கக்கிழமை ஏணியில ஏறப்போறது யாரு, உங்க மாமியாரா?"

சிரிக்கப் பார்த்தார், பாதியிலேயே நின்னுபோச்சு. போய், புதுசா சேர்றவங்களுக்குக் கொடுக்கிற, லேசா இழுபடுற வில்லை எடுத்துட்டு வந்து முதுகைக் காட்டி நின்னார். இந்தத் தடவை தோள் மேல ஏறலை. நாண் தானா வாயோரத்துல வந்து உக்காந்துது. எலும்பு ரெண்டும் சேர்ந்து ஒரு நசுக்கு நசுக்குச்சு பாருங்க, "ஐயோ"ன்னு கத்திட்டேன்.

"இந்த வில்லு போட்டித் தூரத்துக்கு எட்டுமா?"

"எட்டாதுங்க."

"ம்." தூரத்துல இருந்த இலக்கைப் பார்த்தார். "சரி, விரலை எடுக்காதே. இன்னொரு தடவை இழுக்கிறேன்."