வெளிச்சத்தைப் பார்க்கும் பழக்கம்

"திரும்பிட்டீங்க."

"எங்கடி திரும்புனேன்? அதத்தான பாக்குறேன்."

"முழி ஓடுச்சே, நான் பாத்தேன்."

அகல்விளக்கை ஏற்றி, இடது கண்ணைத் துண்டால் கட்டி, என் வீட்டுக்காரரை எதிரே உட்கார வைத்திருந்தேன். மறுநாள் புதுச்சேரியில் அவருடைய வலது கண்ணுக்கு லேசர். கருவிழியில் வைரஸ் கிருமி விட்டுப்போன தழும்பை ஒளியாலேயே சீவி எடுப்பார்களாம். முடியும்வரை எதிரே தெரியும் சிறு வெளிச்சத்தையே பார்க்க வேண்டும். இமையைக் கிளிப் போட்டுப் பிடித்துக்கொள்வார்கள். பார்வையை யார் பிடிப்பது?

இவரோ விருத்தாசலத்துச் சூளையில் வளர்ந்த ஆள். பீங்கான் வேகும்போது கதவுத் துளையில் ஒரு கணம் எட்டிப் பார்ப்பார், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நெருப்பை நின்று பார்த்தால் கண் போய்விடும் என்று முதல் நாளே பழக்கியிருந்தார்கள். வீட்டில் கேஸ் அடுப்பைக்கூட அப்படித்தான் பார்ப்பார்.

கண் சிவந்தபோது மண்தூசி என்று நினைத்தோம். சூளைக் கொட்டகையில் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் சொட்டு மருந்தையே விட்டுக்கொண்டார். சிவப்பு அடங்கியது. ஸ்டீராய்டு கலந்த அந்த மருந்தே கிருமிக்குத் தீனியாகிவிட்டதென்று பிறகுதான் தெரிந்தது.

"இப்ப அது செத்துடுச்சுங்களா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"தூங்குதும்மா. லேசர் பட்டு முழிச்சாலும் முழிக்கும். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கமில்லை.

"கண்ணு ஓடுனா மெஷினு நின்னுடுமாம். நின்னு நின்னு சீவுனா சரியா வராதாங்க" என்றேன், அகல்விளக்கை அவர் முன்னால் நகர்த்தி.

"அப்ப நீயே போயி படுத்துக்க. மொறைக்கிறதுல ஒன்ன மிஞ்ச ஆளு ஏது?"

"சிரிக்காதீங்க. முழி ஆடுது."

மறுபடி பார்த்தார். மறுபடி திரும்பினார். இம்முறை துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்து போனார்.

காலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டாள். "திருமால்! உள்ள வாங்க."

"மாத்திர போட்டீங்கல்ல?" என்றேன், எழுந்தவரிடம்.

"பஸ்ஸுலயே போட்டாச்சு. எத்தினி தடவ கேப்ப?" என் கையை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனார்.

கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாருக்கும்மா லேசரு?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்க வூட்டுக்காரருக்கு."

அவள் பக்கம் நான் திரும்பவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் கோத்து, அந்தச் சிவப்பு பெருத்துக் கலங்கி இரண்டாகியது. இமைக்காமல் இருந்தேன்.