பின் சக்கரத்தில் எத்தனை பல்

1

இது திருட்டுக் கதை. யாரிடம் திருடினேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் அப்பாவிடம். கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். இந்த விஷயத்தை அவர் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்து சொன்னார், அதுவும் அம்மாவிடம். அடுத்த அறையில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். காது சும்மா இருக்குமா? ஆனால் முடிவுக்கு வந்தபோது மனிதர் குரலைத் தாழ்த்திவிட்டார். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் முதல் வரி வரவில்லை.

"வேகம் என்பது மனித வாழ்வில் ஒரு—" (வேண்டாம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி வாடை.)

"மகனுக்காக வண்டியைச் சீர்செய்ய அவர்—" (பொய். மகன் இல்லை, மகள். நான்தான். கூச்சப்பட்டு மாற்றிப் பார்த்தேன், கதை நொண்டியது.)

2

கடிகாரக்காரருக்கு இளவயதில் நண்பர்கள் வைத்த பெயர் நத்தை. இருபத்தொரு வயதில் அவருடைய அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏரிக்கரைச் சாலையில் பந்தயம். எதிரி, எப்போதும் தொப்பியோடு திரிந்ததால் குல்லா என்று பெயரெடுத்த பள்ளித் தோழன். இருவருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே வருடத்து வண்டி. ஆனாலும் எழுபத்தைந்தைத் தொட்டதும் இவருடையது தொண்டை கிழியக் கத்தும், அதற்கு மேல் நகராது. குல்லா கையை ஆட்டிக்கொண்டே போய்விடுவான். ஒரு ஞாயிறுகூட இவர் ஜெயித்ததில்லை.

மேட்டுச் சாலையில் மட்டும் இவரை யாரும் முந்தியதில்லை. அதை யார் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்?

குறை வண்டியில் இல்லை, தன் கையில்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். முறுக்க வேண்டிய இடத்தில் பயந்து விட்டுவிடுகிறோம், வேகம் நமக்கு ஒத்துவராது என்று. வெளியூரில் பெரிய கம்பெனி வேலை ஒன்று தேடி வந்தபோதும் இதையே சொல்லி மறுத்துவிட்டு, கண்ணில் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு மேசை முன் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். (அவர் வருத்தப்பட்டார் என்று எழுதி அடித்துவிட்டேன். வருத்தப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. எனக்கு வருத்தமாக இருக்கிறது, அது தெரியும்.)

முப்பது வருடம் போயிற்று. குல்லா தன் அப்பாவின் மெக்கானிக் கடைக்கு முதலாளியானார், தலையில் இப்போது தொப்பிக்கு உண்மையிலேயே தேவை வந்திருந்தது. மகளுக்கு வேறு நகரத்தில் வேலை கிடைத்தது. ரயிலில் போ என்றால் கேட்காமல், உங்க பழைய வண்டியைக் கொடுங்கப்பா, அதிலேயே போய்க்கொள்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

எப்போதும் உதிரிச் சாமானைக் குல்லாவே வாங்கி மாட்டிவிடுவார். இந்தத் தடவை மகளுக்காயிற்றே என்று கடிகாரக்காரரே சாமான் கடைக்குப் போய், வண்டியின் பெயரைச் சொல்லி, புது செயினும் முன் பின் பல்சக்கரங்களும் வாங்கிக்கொண்டு வந்தார். குல்லா பின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொரு வண்டியைப் பார்க்கப் போனார். கடிகாரக்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தேய்ந்த பல்சக்கரத்தைத் துணியால் துடைத்தார். புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையது பெரிதாக இருந்தது.

எண்ணினார். புதியதில் நாற்பத்திரண்டு. பழையதில் ஐம்பது.*

* வண்டி தெரியாதவர்களுக்கு: பின்னால் பல் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். மேட்டில் சிரிக்கும், சமதளத்தில் அழும். இதைக் கடிகாரக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நாள் முழுக்கக் கடுகளவு சக்கரங்களில் பல் எண்ணுவதுதான் அவர் பிழைப்பு. தன் வண்டியில் மட்டும் எண்ணியதில்லை. செயின் கவருக்குள் இருப்பதை யார் போய் எண்ணுவார்கள்?

3

குல்லா திரும்பி வந்து பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"உங்கப்பா கேட்டுக்கிட்டாருடா. எங்கப்பா மாட்டினாரு. பையன் ரொம்ப முறுக்குறான், அவனுக்குத் தெரியாம அடக்கி வைங்கன்னாரு. தேய்ஞ்சப்பல்லாம் அதே அளவுதான் நானும் போட்டேன்."

"அவர் போய்ப் பதினாலு வருஷமாச்சு. அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"வாய் வரல."

"அப்ப நீ ஜெயிச்சதெல்லாம்?"

"அதுக்கும் சேர்த்துத்தான் வாய் வரல."

(இந்த இடத்தில் தாத்தாவுக்கு ஒரு மூத்த மகன் இருந்ததாகவும், அவன் சாலையில் இறந்ததாகவும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். படிக்க உருக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி யாரும் இல்லை. தாத்தாவுக்கு வெறும் பயம். பெற்றவன் பயத்துக்குக் காரணம் எதற்கு?)

கடிகாரக்காரருக்குக் கோபம் வந்தது. செத்துப்போன அப்பாவைச் சட்டையைப் பிடித்து, நான் பயந்தாங்கொள்ளி இல்லையாம், எட்டுப் பல்லாம் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கூடவே, ஞாயிறு மாலைகளில் தான் திரும்பி வரும்வரை கேட்டருகே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்த அந்த மனிதர் நினைவுக்கு வந்தார். அவ்வளவு தண்ணீர் எந்தச் செடிக்கும் தேவையில்லை. கடிகாரக்காரர் அழுதார். குல்லா பார்க்காத மாதிரி ஸ்பேனர்களை அடுக்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து, அலமாரியிலிருந்து பொட்டலம் ஒன்றை எடுத்து வைத்தார்.

"நீ வாங்கினது நாப்பத்திரெண்டு. இது அம்பது, அதுக்கேத்த நீளச் செயினோட. எப்பவும் ஒரு செட் வாங்கி வெச்சிருப்பேன். பாப்பாவுக்கு எதை மாட்டட்டும்?"

4

இங்கேதான் அப்பா குரலைத் தாழ்த்தினார்.

முடிவு ஒன்று: தான் முப்பது வருடம் நத்தையாக இருந்தது போதும் என்று நாற்பத்திரண்டை நீட்டுகிறார். நன்றாக இருக்கிறது. நாலு பேர் கைதட்டுவார்கள். ஆனால் கிளம்பும் நாளில் என் ஹெல்மெட் வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தவர் இவர்.

முடிவு இரண்டு: ஐம்பதைக் காட்டிவிட்டு, குல்லாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு—

(முடியவில்லை. எழுதினால் எரிச்சல்தான் வருகிறது.)

ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஊருக்கு வெளியே நேரான சாலை இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. மூன்று வருடமாக அறுபதைத் தாண்டாமல் திரும்பி வந்துவிடுகிறேன். நாற்பத்திரண்டு என்றால் அவர் என்னை நம்பினார். ஐம்பது என்றால் எனக்காகப் பயந்தார். தெரியாதவரை இரண்டும் என்னுடையவை.

5

இன்று செயின் அறுந்துவிட்டது.

தெருமுனைக் கடைவரை தள்ளிக்கொண்டு போனேன். இந்த ஊர் மெக்கானிக் அக்கா செயின் கவரைக் கழற்றிவிட்டு, பல்லெல்லாம் மழுங்கிப்போச்சு, மொத்தமா மாத்தணும், எத்தனை பல்லு போட்டிருக்காங்க என்று கேட்டார். தெரியாது என்றேன். எத்தனை வேண்டும் என்றார். அதுவும் தெரியாது என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டு, சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே எண்ண ஆரம்பித்தார்.

நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காதைப் பொத்திக்கொள்ள முடியாது, பைத்தியம் என்பார். முப்பதில் போனைக் கையில் எடுத்தேன். அப்பாவுக்கு போன் செய்து, எதுவாக இருந்தாலும் கோபமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"நாப்பது. நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு," என்று சொல்லிவிட்டு அக்கா மூச்சு வாங்கினார்.

சாக்பீஸ் கோடு திரும்பி வந்துவிட்டதா, இன்னும் வர வேண்டுமா, நான் பார்க்கவில்லை. நீங்கள் அவர் பக்கத்தில்தான் குனிந்து நிற்கிறீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம்.