கடுகு பிழைக்காத மூலை

பேட்டரி ஆலையை மூடிப் பதினோரு ஆண்டுகள் ஆகியும் ஊரில் எல்லோரும் அவள் மாமனாரைச் 'சூப்பர்வைசர்' என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கு இரண்டு ஆண்டுகளாக 'கடுகம்மா' என்று பெயர்.

ஆலை நின்ற மூன்று ஏக்கரிலும், பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும் ஈயம் ஊறிக் கிடந்தது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் அது வெளியே தெரிந்தது. அந்த மண்ணில் கடுகும் சூரியகாந்தியும் விதைத்து, வேர் உறிஞ்சும் ஈயத்தைச் செடியோடு அறுத்து அப்புறப்படுத்தும் வேலையை நகர நிர்வாகம் அவளிடம் கொடுத்திருந்தது. ஆடு மாடு வாய் வைக்காமல் வேலி போட வேண்டும். இலை உதிருமுன் அறுத்து மூட்டை கட்ட வேண்டும். அப்படிச் செய்தும் ஒரு போகத்துக்குக் கொஞ்சம்தான் குறையும்.

"கடுகளவாவது குறைஞ்சுதா?" என்று பஸ் ஓட்டிவிட்டு வரும் அவள் கணவன் தினமும் கிண்டல் செய்வான்.

குறைந்துதான் வந்தது, வடகிழக்கு மூலையைத் தவிர. மதிலோரம் இரண்டு அறை அளவு இடம். அங்கே மட்டும் செடி நாலு விரல் உயரம் வந்ததும் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். மேல்மண்ணைச் சோதித்தால் மற்ற இடங்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. மண் இறுகிப்போயிருக்கும் என்று அவளே கொத்தினாள், சுண்ணாம்பும் எருவும் கலந்தாள், மறுபடி விதைத்தாள். அதுவும் செத்தது. இன்னொரு முறை கொத்தினாள்.

மாமனார் மாலையில் நடக்கப் போகும்போது வேலிக்கு வெளியே சற்று நிற்பார். வீட்டுக்கு வந்ததும், "மூலை எப்படிம்மா இருக்கு?" என்று கேட்பார். மற்ற இடங்களைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. தன் வேலையில் அவருக்கு அவ்வளவு அக்கறை என்று அவள் நினைத்திருந்தாள்.

மூன்றாம் முறை எரு மூட்டையைத் தூக்கியபோது இடுப்பில் ஏதோ பிசகியது. எரிச்சல் வலது கால் வரை இறங்கியது. சுளுக்கு என்று தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போனாள். இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் தெருவில் ஒரு பெண் பின்னாலிருந்து கத்தினாள்: "செருப்பை விட்டுட்டுப் போறீங்களே!" வலது காலில் இருந்து செருப்பு கழன்றது அவளுக்குத் தெரியவே இல்லை.

கணவனுக்கு விடுப்பு கிடைக்காததால் ஆஸ்பத்திரிக்கு மாமனார் துணைக்குப் போனார். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கி, அதில் ஒரு துண்டு காலுக்குப் போகிற நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது.

"பெருசா கிழிக்க வேண்டியதில்ல. விரல் நகம் அளவு ஓட்டை போட்டு, குழாய் வழியா கேமரா விட்டு அந்தத் துண்டை மட்டும் எடுத்துடலாம். ஆனா தள்ளிப் போடாதீங்க, கால் ஏற்கெனவே தளர்ந்துருக்கு. எதைத் தூக்கி இப்படி ஆச்சு?"

"ஒரே மூலையை மூணு தடவை கொத்தினேன் டாக்டர். அந்த மண்ணுக்கு என் மேல என்ன கோபமோ."

மாமனார் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வெளியே போனார். கூப்பிட்டு அனுப்பும்வரை உள்ளே வரவில்லை.

ஆபரேஷன் நடக்கும்போது அவள் விழித்துத்தான் இருந்தாள். குப்புறப் படுத்திருந்தாள், இடுப்பு மட்டும் மரத்திருந்தது. குழாய் வழியாகப் பாய்ச்சிய தண்ணீர் முதுகுக்குள் ஓடும் சத்தம் கேட்டது.

"கால்ல சுரீர்னு இருந்தா உடனே சொல்லணும். கட்டை விரலை ஆட்டுங்க பாக்கலாம்."

ஆட்டினாள். எங்கோ ஆழத்தில் யாரோ எதையோ பற்றி இழுத்தார்கள். அடுத்த நொடி, வாரக்கணக்காகக் காலுக்குள் எரிந்துகொண்டிருந்தது சட்டென்று அணைந்தது. அவளை அறியாமல் அழுகை வந்தது.

"வலிக்குதா?" என்றார் டாக்டர் பதறி.

"இல்ல. வலி போயிடுச்சு."

மறுநாள் காலை மாமனார் தனியாக வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"அந்த மூலையில எதுவும் பிழைக்காதும்மா. கீழே டிரம் இருக்கு."

அவள் அவரைப் பார்த்தாள்.

"அமிலக் கழிவு. ஆய்வுக்கு ஆள் வர்றாங்கன்னு முதலாளி புதைக்கச் சொன்னார். நான்தான் நின்னு புதைக்க வெச்சேன். உனக்கு அந்த வேலை கிடைச்ச அன்னிக்கே சொல்லியிருக்கணும். இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

"நான் கொத்தினப்ப நீங்க வேலிக்கு வெளியே நின்னு பாத்துட்டிருந்தீங்க மாமா."

"ஆமா."

"மூணு தடவையும்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் கதவு வரை போய்விட்டார்.

"எத்தனை டிரம்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நாப்பத்தி ரெண்டு."

"எவ்வளவு ஆழம்?"

"ஆள் உயரம் இருக்கும்."

"என்கிட்ட சொன்னா போதாது. எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆபீஸ்ல குடுங்க. இன்னிக்கே."

அன்றே கொடுத்தார். விஷயம் கேட்ட மகன் அப்பாவோடு பேச்சை நிறுத்தினான்.

மூன்றாம் வாரம் இயந்திரம் வந்து தோண்டியது. குனியவோ தூக்கவோ கூடாது என்பதால் அவள் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்த டிரம்களைக் குறித்துக்கொண்டாள். பாதிக்கு மேல் துருப்பிடித்து ஓட்டையாகி இருந்தன. பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் வந்து நின்றார்கள். அதில் ஒருத்தி, ஓரமாக நின்ற மாமனாரிடம் நேராகப் போனாள்.

"என் பொண்ணுக்கு ஒன்பது வயசு. அவ பேரை அவளாலயே எழுத முடியல. உங்களுக்கு வீட்டுல தூக்கம் வருதா சார்?"

"வரலம்மா" என்றார்.

விசாரணைக்கு மாமனாரை அழைத்திருந்தார்கள். மண் அறிக்கை கொடுக்க அவளும் போக வேண்டியிருந்தது. ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். முதலாளியின் வக்கீல் அவரை மடக்கப் பார்த்தார்.

"உங்களுக்கு எழுபத்தி நாலு வயசு. ஞாபகம் தப்பியிருக்கலாம் இல்லையா?"

"தப்பினா நல்லாயிருக்கும்னு நானும் வேண்டாத நாளில்லைங்க" என்றவர், தேதியைச் சொன்னார். குழி வெட்டிய இருவரையும் சொன்னார். அவர்களில் ஒருவன் இறந்துவிட்டான் என்பதையும் சொன்னார். தன் பங்கை எங்கேயும் குறைத்துச் சொல்லவில்லை.

வழக்கு இன்னும் முடியவில்லை. அவள் காலில் சுண்டு விரல் மட்டும் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது; மெதுவாக வரும், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். மண் முழுசாகத் தேற இன்னும் பல போகம் ஆகும்.

விசாரணை முடிந்து அன்று திரும்பும் பஸ்ஸில் கூட்டமே இல்லை. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்களை மூடிக்கொண்டிருந்தார். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.