முள் குத்தியதாகச் சொன்னவர்

ஞாயிறு மதியம் அப்பா கட்டை விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது, மகள் ஆஸ்பத்திரி வெள்ளைக் கோட்டைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கையில?"

"முள்ளு."

"எந்த முள்ளு?"

"முள்ளுக்கெல்லாம் பேரா வெச்சிருக்காங்க? விறகு பொறுக்கப் போனேன், குத்திருச்சு. நீ உன் கோட்டைத் துவை, ஆபீசரம்மா."

ஆபீசரம்மா என்று கூப்பிட்டுவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அவளும் விட்டுவிட்டாள். அந்த வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்து ஆறு வருடம் ஆகிறது. அப்புறம் விறகு எதற்கு என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. பதினாறு வருடம் படித்த மூளை.

அப்பா வாரத்தில் ஆறு நாள் மரக்கிடங்கில் கட்டை தூக்குகிறவர். ஏழாவது நாள் வேட்டைக்காரர். ஊரே அவரை வலைக்காரர் என்றுதான் கூப்பிடும், கிடங்கு முதலாளி உட்பட. விடியும்போது சித்தப்பாவோடும் இன்னும் இரண்டு பேரோடும் ஊருக்கு வெளியே இருக்கிற புதர்க்காட்டுக்கு வலையோடு போனால், வெயில் ஏறும்போது முயலோடு வருவார். முயல் கிடைக்காத நாளில் கதையோடு வருவார். கதையில் பாம்பு கட்டாயம் இருக்கும்.

பாம்பைப் பற்றி அவர் பேசினால் கூட வேலை பார்க்கிற ஆட்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். "நல்ல பாம்பு இருக்கே, அது கௌரவக்காரன். படத்தை எடுத்து நான் இன்னார்னு சொல்லிட்டுத்தான் அடுத்த வேலை. கண்ணாடி விரியன் சோம்பேறி. மிதிச்சாத்தான் எந்திரிக்கும், எந்திரிச்சா குக்கர் மாதிரி சீறும். இந்தச் சுருட்டைதான் சிடுமூஞ்சி. ரெண்டு சாண் உடம்பு, உலகத்து மேலயே கோபம். உன்னை மாதிரி."

எட்டு வயதில் ஒரு தடவை அவளையும் கூட்டிப்போயிருந்தார். பாதையில் சுருட்டை விரியன் ஒன்று வளைந்து வளைந்து தன் உடம்பைத் தானே உரசிக்கொண்டு கிடந்தது. காய்ந்த சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி சத்தம். அப்பா அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். "நின்னா போதும். அதுக்கும் நமக்கும் என்ன பங்காளிச் சண்டையா?" பாம்பு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் அதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பெருமை எல்லாம் எட்டு வயதோடு சரி. அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். படித்து முடித்து ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம், அப்பா ஒரு முயலைச் சாக்கில் போட்டுக்கொண்டு நேராக அங்கேயே வந்து நின்றார். பெரிய டாக்டருக்குப் பரிசாம். சாக்கிலிருந்து தரையில் ரத்தம் சொட்டியது. டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். நர்ஸ் ஒருத்தி, "உங்கப்பாவா? காட்டுல இருந்து நேரா வர்றாரா?" என்று சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும், என்னவென்று புரியாமல், கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் வலையைத் தெருவில் போட்டுக் கொளுத்தினாள். "அனுமதி இல்லாம வேட்டை ஆடுறது திருட்டுத்தனம். ஒண்ணு நான் இந்த வீட்டுல இருக்கணும், இல்ல உங்க வேட்டை இருக்கணும்" என்றாள். அப்பாவின் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். அம்மா மட்டும், "மனுஷனுக்கு இருக்கறதே அந்த ஒரு நாள்தான்டி" என்றாள். யார் காதில் விழுந்தது? நான்கு மாதத்துக்கு முந்தைய கதை இது.

ஞாயிறு சாயங்காலம் அப்பாவின் கை மணிக்கட்டு வரை வீங்கியிருந்தது. துணியை அவிழ்க்கச் சொன்னாள். "அம்மா மஞ்சள் வெச்சுக் கட்டிட்டா, பிரிக்காதே" என்று கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். ஆஸ்பத்திரிக்கு வாங்க என்றாள். "ஒரு முள்ளுக்கு ஊர்வலமா?" என்றார். அவளும் கைப்பையிலிருந்து வலி மாத்திரை இரண்டு எடுத்துக் கொடுத்தாள். கடிபட்டவனுக்கு ஆகவே ஆகாத மாத்திரை அது. ரத்தக்கசிவை அதிகமாக்கும். முள்தானே என்று கொடுத்தாள். மகள் கொடுத்ததாயிற்றே என்று அவரும் விழுங்கினார்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா குழாயடியில் நெடுநேரமாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை துப்பியதும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். இவ்வளவு சுத்தமா என்று நினைத்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

பதினொரு மணிக்குச் சித்தப்பா அப்பாவை வண்டியில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். அப்பாவின் ஈறெல்லாம் ரத்தம். தலை பிளக்கிறது என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் கையைப் பார்த்தார். தோள் வரை வீக்கம்.

"பாம்பு ஏதாவது கடிச்சுதா?"

அப்பா டாக்டரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "முள்ளுங்க."

"நீங்க கூட இருந்தீங்களா?" என்று சித்தப்பாவைக் கேட்டார் டாக்டர். சித்தப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரத்தம் எடுத்தது அவள்தான். அப்பா கையில் அவள் ஊசி குத்துவது அதுதான் முதல் தடவை. கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். நல்ல ரத்தம் உறைந்துவிடும், குழாயைக் கவிழ்த்தாலும் அசையாது. விஷம் ஏறிய ரத்தம் உறையாது. இருபது நிமிடமும் அவள் குழாய்க்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்துக் குழாயை எடுத்துச் சாய்த்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது.

விஷமுறிவு மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எங்கப்பா போனீங்க?"

"கோவிச்சுக்க மாட்டியே?"

அந்த ஒரு கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருந்தாலும் அவர் சொன்னார். புது வலை பின்னிச் சித்தப்பா வீட்டில் வைத்திருந்தாராம். இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குத்தான் போனாராம். நேற்று மட்டும் ஓவர்டைம் என்று சொல்ல வழியில்லை, முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக் கிடங்கையே பூட்டிவிட்டார்கள். அதனால்தான் விறகு.

"வலை முனையில குந்திட்டு இருந்தேன். அந்தப் பக்கம் இவனுங்க புதரைத் தட்டிக்கிட்டே வர்றானுங்க. வலை நுனியை மண்ணுல அமுக்குனேன், சருகுக்குள்ள சுருட்டை. சத்தம் கேட்டுச்சு. கேட்டதும் கையை எடுத்திருக்கணும். எடுத்தா வலை விழுந்துரும்."

"கடிச்சதும் கத்தியிருக்கலாம்ல?"

அப்பா அவளை வினோதமாகப் பார்த்தார். "வலையில உக்காந்தவன் கத்துவானா? முயலு திரும்பிராது?" பிறகு, ரத்தம் படிந்த பல்லோடு, குரலைத் தாழ்த்தி, "நாலு விழுந்துச்சு" என்றார்.

அவளுக்கு அவரை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. மருந்து சொட்டுகிற வேகத்தைச் சரி பார்த்தாள்.

"ஏன் சித்தப்பா, நீங்களாவது சொல்லியிருக்கலாமே? உங்க வீட்டுல இருந்து இந்த ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்."

"எங்க பாப்பா சொல்ல விட்டாரு? அவளுக்குத் தெரிஞ்சா வீட்டை விட்டுப் போயிருவா, சாதாச் சுருட்டைதான், நம்மளை என்ன செய்யும்னாரு. வாயைத் திறந்தா முகத்துல முழிக்க மாட்டேன்னாரு. அண்ணனாச்சே."

தலைவலி நிற்கவில்லை. மூன்று மணிக்கு அப்பா வாந்தி எடுத்தார். நாலரைக்குப் பேச்சு குழறியது. டாக்டர் அவளை நடைபாதைக்குக் கூப்பிட்டு, தலைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது என்றார். நேற்றே வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எல்லாம் முடிந்தது. கடைசியாக அவர் பேசியது திங்கட்கிழமை பேசியதுதான். அதில் அவர் கேட்ட கேள்விக்கு அவள் பதில் சொல்லியிருக்கவில்லை. கோவிச்சுக்க மாட்டேன் என்று மூன்று தடவை காதில் சொன்னாள். கேட்கிற நிலையில் அவர் இல்லை.

பாம்பு கடித்துச் செத்தால் போலீஸில் எழுத வேண்டும். ஏட்டு வந்து பிணவறை வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தார். சித்தப்பா அவள் காதோரம் குனிந்து, "வீட்டுக் கொல்லையில கடிச்சதுன்னு சொல்லிரு பாப்பா. வேட்டைன்னா எங்க மேலயும் கேஸ் வரும். உன் வேலைக்கும் நல்லாயில்ல" என்றார்.

"எந்த இடத்துலம்மா?" என்றார் ஏட்டு.

"காட்டுல."

"விறகுக்குப் போனாரா?"

"வேட்டைக்கு."

ஏட்டு பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார். "யோசிச்சுச் சொல்லுமா. நான் கொல்லைன்னு போட்டுட்டுப் போயிடுவேன். எனக்கென்ன?"

"அவர் பாம்பு கடிச்சும் வலையை விடாம இருந்தார். முள்ளுன்னு ஒரு பொய் சொன்னார், அதுக்கே செத்துட்டார். இன்னொரு பொய் வேண்டாம். வேட்டைக்காரர்னு எழுதுங்க. எங்கப்பா வேட்டைக்காரர்."

சித்தப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு நகர்ந்துபோனார். தூணோரம் சுருண்டு உட்கார்ந்திருந்த அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"இதை அவருகிட்ட ஒரு தடவை சொல்லியிருக்கலாமேடி."

ஏட்டு இருவரையும் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்தார். பெயர், வயது, தகப்பன் பெயர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.